இரண்டாவது இடத்தில் எந்த ஊர்

பல்கலைக்கழகத்துக்கு நான் முதல் தடவை விண்ணப்பித்தபோது, அந்த விண்ணப்பத்தைப் பற்றி எங்கள் வீட்டில் என்னைத் தவிர எல்லோரும் பேசினார்கள். வாப்பா, உம்மா, சாச்சா, சாச்சி, இரண்டு வீடு தள்ளியிருந்த மாமி என்று எல்லோருக்கும் ஒரு கருத்து இருந்தது. நான்தான் உயர்தரப் பரீட்சை எழுதினேன், என் புள்ளிதான் வந்திருக்கிறது என்ற விஷயம் ஒருவருக்கும் பெரிதாகத் தோன்றவில்லை. கடைசியில் வாப்பா ஒரு சட்டம் போட்டார்.

“ராவு சோத்துக்கு ஊட்டுக்கு வர ஏலுமான எடத்த மட்டும் எழுது.”

எங்கள் வீடு அக்குறணையில். படிக்கும் இடத்திலிருந்து பின்னேரம் புறப்பட்டு, கண்டியில் பஸ் மாறி, கட்டுகஸ்தோட்டை நெரிசலில் தவம் கிடந்து, இரவுச் சோறு ஆறுவதற்குள் வரக்கூடிய இடம் ஒன்றே ஒன்றுதான், பேராதனை. எனவே என் விருப்ப வரிசை பேராதனையில் தொடங்கிப் பேராதனையிலேயே முடிந்தது. முதலில் மருத்துவம், பிறகு பல் மருத்துவம், பிறகு கால்நடை மருத்துவம், பிறகு விவசாயம், பிறகு விஞ்ஞானம். ஆடு மாட்டுக்கு ஊசி போடுவதில்கூடச் சாச்சாவுக்கு ஆட்சேபணை இருக்கவில்லை. குர்பான் காலத்தில் உதவியாக இருக்கும் என்றார்.

அந்த வருஷம் எனக்குக் கிடைத்தது விவசாயம். மருத்துவம் மயிரிழையில் போயிற்று. பல்லும் ஆடுமாடும் அந்த வருஷம் தப்பிவிட்டன. வீட்டு முற்றத்துக் கறிவேப்பிலைக் கன்றையே பட்டுப்போக வைத்தவள் நான் என்பதை நினைத்துப் பார்க்காமல், “கிட்டத்தானே” என்று வாப்பா சந்தோஷப்பட்டார். அயலவர்கள் மையித்து வீட்டுக்கு, சாவு வீட்டுக்கு வருவதுபோல முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு, ஆனால் கையில் வட்டலப்ப இனிப்போடு வந்தார்கள். பெண்பிள்ளைக்கு விவசாயமும் நல்லதுதானே என்றார்கள். நான் வட்டலப்பத்தைத் தின்றேன், விவசாயத்துக்குப் பதியவில்லை.

நடந்தது முழுசாக விளங்கியது அதற்குப் பிறகுதான், அதுவும் என் கூட்டாளி சொல்லி. அவள் கலஹாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. உயிரியலுக்குக் கண்டி டவுனில் ஒரே டியூஷன் வகுப்பில் ஒரே வாங்கில் இருந்து படித்தோம். அவளுக்கும் அந்த வருஷம் மருத்துவம் கிடைக்கவில்லை. ஒருநாள் டவுனில் ஒரு பேக்கரியில் இருந்து ரோல்ஸ் தின்றுகொண்டிருந்தபோது, இடம் கிடைக்கத் தேவையான மாவட்டவாரியான வெட்டுப்புள்ளிகளைத் தன் போனில் பார்த்துக்கொண்டிருந்தவள் திடீரென்று நிமிர்ந்தாள்.

“ஏய், ஒன்னோட புள்ளிக்கு யாழ்ப்பாணத்துல மெடிசின் கெடச்சிருக்கணுமே. நீ எழுதலியா?”

“எழுதல்ல.”

“ஏன்?”

“ராவு சோத்துக்கு வர ஏலாது.”

அவள் என் முகத்தையே பார்த்தாள். பிறகு சிரிக்கத் தொடங்கினாள் பாருங்கள், பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு ஒரு சிரிப்பு. “நான் எல்லா ஊரையும் எழுதியும் கெடைக்கல. நீ கெடைக்கிற ஊர எழுதாம விட்டிருக்க. சோத்துக்காகவா?” என்றாள். எனக்குக் கோபம் வந்தது. பிறகு எனக்கும் சிரிப்பு வந்தது. வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் அழுகையும் வந்தது. ஒரு டாக்டர் பட்டத்தைக் கோப்பைச் சோற்றுக்கு விற்றுவிட்டோமே என்று மனது கிடந்து அடித்துக்கொண்டது.

அடுத்த வருஷம் இருவரும் மறுபடி பரீட்சை எழுதினோம். எங்கள் ஊரில் இதற்கு ‘செகண்ட் ஷை’ என்று பெயர். செகண்ட் ஷைக்காரர்களை யாரும் கல்யாண வீட்டுக்குக் கூப்பிடுவதில்லை, கூப்பிட்டாலும் “இன்னமும் படிக்கிறியா?” என்று கேட்பதற்குத்தான். நான் அந்த வருஷம் முழுக்கக் கல்யாண வீடுகளுக்குப் போகவில்லை, பிரியாணிக்கு ஏங்கியதுதான் மிச்சம்.

பெறுபேறு வந்தது. என் புள்ளி கொஞ்சம் கூடியிருந்தது. கொஞ்சம்தான். கூடியது எனக்கு மட்டுமா, ஊரில் எல்லோருக்குமா என்பது வெட்டுப்புள்ளி வரும்வரை தெரியாது. முந்திய வருஷக் கணக்கை வைத்துப் பார்த்தால், பேராதனை மருத்துவம் கிடைக்கவும் செய்யலாம், மறுபடி மயிரிழையில் போகவும் செய்யலாம். கொழும்பையும் காலியையும் எழுதுவது அழகுக்குத்தான். எனக்கு நிச்சயமாக எட்டக்கூடிய மருத்துவ பீடங்களாகத் தெரிந்தவை இரண்டு, யாழ்ப்பாணமும் மட்டக்களப்பும். பேராதனையில் பல் மருத்துவமும் இந்த முறை எட்டும்போலத்தான் இருந்தது.

இங்கேதான் சண்டை தொடங்கியது. இந்த விண்ணப்பத்தின் வழி இதுதான்: நாம் எழுதிய வரிசையை மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டு வருவார்கள், நம் புள்ளிக்கு முதலில் எது பொருந்துகிறதோ அதைத் தந்துவிட்டு நிறுத்திக்கொள்வார்கள். அதற்குக் கீழே என்ன எழுதியிருக்கிறது என்று ஒருவரும் பார்க்க மாட்டார்கள். ஆகவே முதலிடத்தில் பேராதனை மருத்துவம் என்பதில் வீட்டில் கருத்து வேற்றுமை இல்லை. இரண்டாவது இடத்தில் பேராதனைப் பல் மருத்துவமா, யாழ்ப்பாண மருத்துவமா? பல்லை மேலே எழுதினால் யாழ்ப்பாணம் அதோடு சரி. நான் டாக்டராவதா இல்லையா என்பது அந்த இரண்டாவது வரியில் தொங்கிக்கொண்டிருந்தது.

பல் வைத்தியம் குறைந்த படிப்பு என்று நான் சொல்லவே இல்லை. இன்றைக்கும் சொல்ல மாட்டேன். எனக்கு வாய் மட்டும் போதாது, முழு ஆளும் வேண்டும் என்றுதான் சொன்னேன். மாமிக்கு அது பிள்ளை வாய் காட்டுகிறது என்று பட்டது.

வாப்பாவுக்கு வவுனியாவில் ஒரு பிளாஸ்டிக் சாமான் கடை. வாளி, பேஸின், கதிரை, தண்ணீர்க் குடம் எல்லாம் விற்பார். எங்கள் ஊரில் பாதி ஆண்கள் இப்படித்தான், நாடு முழுக்க எங்காவது ஒரு டவுனில் கடை வைத்திருப்பார்கள். வியாழக்கிழமை ஊருக்கு வருவார்கள், வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுவார்கள், ஞாயிற்றுக்கிழமை மறுபடி பஸ் ஏறுவார்கள். விண்ணப்பத்துக்குத் தந்திருந்த அவகாசம் சில கிழமைகள், அதாவது சில வாரங்கள். அந்தக் கிழமைகளில் ஒவ்வொரு வியாழனும் வாப்பா இறைச்சிப் பார்சலோடு புதிய நியாயம் ஒன்றையும் கொண்டுவந்தார்.

முதல் வியாழன், “பல் டொக்டர்மாருக்கு ராவு டியூட்டி இல்ல தெரியுமா?”

அடுத்த வியாழன், “கண்டி டவுன்ல பாத்தியா, பல் டொக்டர்மாருட போர்டுதான் ஆகப் பெரிசு.”

அதற்கடுத்த வியாழன் வாப்பா யாழ்ப்பாணத்துத் தண்ணீரில் கைவைத்தார். “அங்க தண்ணி உப்பு, மகள். யாழ்ப்பாணத்தாருக்கு நான்தானே குடமும் வாளியும் விக்கிற, எனக்குத் தெரியாதா? தல முடியெல்லாம் கொட்டிரும்.”

“நான் பர்தா போடுற வாப்பா, ஆருக்குத் தெரியப் போற?”

வாப்பாவுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். அவரோடு சண்டை பிடிப்பதில் உள்ள கஷ்டமே இதுதான். கோபமாக ஒரு வாப்பா கிடைத்திருந்தால் நானும் கதவை அடித்துச் சாத்தி, இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்து காரியத்தைச் சாதித்திருப்பேன். இவர் சிரித்துவிடுவார், நானும் சிரித்துவிடுவேன், இரண்டாவது வரி அப்படியே வெறுமையாகக் கிடக்கும். ஊரார் நினைத்ததுபோல, பெண்பிள்ளை, விடுதி, வெளியூர் என்ற கதைதான் அவர் மனதிலும் ஓடுகிறது, சொல்ல வெட்கப்பட்டுத்தான் தண்ணீரிலும் முடியிலும் வந்து நிற்கிறார் என்று நான் எண்ணிக்கொண்டேன். அதை நினைக்க உள்ளுக்குள் எரிந்தது.

இதற்கிடையில் ஒருநாள் கூட்டாளியின் வீட்டுக்குப் போனேன். அவளுடைய அப்பா கண்டி டவுனில் ஆட்டோ ஓட்டுகிறார், அம்மா கொழுந்து பறிக்கிறார். அன்றைக்கு அவளுடைய விண்ணப்பத்தைப் போனில் நிரப்பிக்கொண்டிருந்தோம். அவள் ஒவ்வோர் ஊராக வாசிக்க வாசிக்க அவளுடைய அப்பா தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார்.

“எழுதும்மா, எல்லாத்தையும் எழுது. எங்க கெடச்சாலும் நாங்க கொண்டாந்து விடுறோம்.”

அவளுடைய அம்மாவுக்குத்தான் ஒரு குறை. “பேராதனைய ஏங்க மொதல்ல போடுறீங்க? அது இந்தா இருக்கு. பஸ்ல போறப்ப தெனம் பாக்குற எடம். டாக்டருக்குப் படிக்கப் போறாள்னா கொஞ்சம் தூரமா போனாத்தானே நாலு பேரு கேப்பாங்க?”

நான் தேத்தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டு வாயைப் பிளந்தேன். இந்த அம்மாவை ஒரு வியாழக்கிழமைக்கு எங்கள் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனால் என்ன என்று யோசித்தேன். என் கூட்டாளியோ எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, “நீ பல்ல மேல எழுதினீன்னா ஒன்னோட நான் பேச மாட்டேன்” என்றாள். அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

விண்ணப்பம் முடியும் கிழமை வந்தது. சனிக்கிழமைக்குள் அனுப்பியாக வேண்டும். வியாழன் வாப்பா வந்தார், குளித்தார், தொழுதார், சாப்பிட இருந்தார். உம்மா சோறு வைத்தார்.

உம்மாவைப் பற்றி இதுவரை நான் ஒன்றும் சொல்லவில்லை. அவர் இந்த இரண்டாவது வரி விஷயத்தில் அதுவரை வாயே திறக்கவில்லை, அதனால்தான். மற்ற எல்லா விஷயத்திலும் திறப்பார். கிழமையில் வாப்பா இல்லாத நாட்களில் கரண்ட் பில், கூரை ஒழுக்கு, ஸ்கூல் கூட்டம், மாட்டிறைச்சிக் கடைக்காரரோடு வழக்கு, எல்லாம் உம்மாதான். ஸ்கூட்டர் ஓட்டுவார். அவர் ஹாரன் அடித்தால் மடவளைச் சந்தியில் லொறிகள் ஒதுங்கும் என்று சாச்சா கேலி செய்வார்.

வாப்பா அன்றைக்கும் ஒரு நியாயம் கொண்டுவந்திருந்தார். யாழ்ப்பாணத்து வெயில். அதைச் சொல்லி முடிப்பதற்குள் உம்மா கறிச்சட்டியை மேசையில் வைத்தார், கொஞ்சம் பலமாகவே.

“நீங்க எத்தன வருஷமா வவுனியால ஈக்கிற? அங்க வெயில் இல்லயா? இந்த ஊர்ல பாதி ஆம்புள வெளியூர்லதான் ஈக்கிற. ஒருத்தராவது காணாமப் பெய்த்தா? இவ போனா மட்டும் எனத்துக்கு இந்தப் பாடு?”

வாப்பா சோற்றைப் பிசைந்த கையை நிறுத்தினார்.

“அதனாலதான் வாணாம்ங்கிற” என்றார்.

“எதனால?”

“எனக்குத் தெரியும், அதனால.” இதைச் சொல்லும்போது அவர் எங்கள் இருவரையும் பார்க்கவில்லை, இறைச்சித் துண்டைப் பார்த்துச் சொன்னார். “நான் கட தொறந்த புதுசுல, மேல ஸ்டோர்லதான் படுப்ப. வாளிக் கட்டுகளுக்கு நடுவுல. ஞாயித்துக்கிழம பெய்த்து எறங்கினா ராவு முழுக்க அழுவ. பக்கத்துக் கடக்காரருக்குக் கேட்டிரும்னு பேஸின் ஒண்ட மொகத்துல கவுத்துக்கிட்டு அழுவ. ஒத்தயில சோறு தின்டு பாத்தீக்கியா நீ? ஒரு வாய் எறங்காது. புள்ளக்கி அது வாணாம். அவ்வளவுதான்.”

பர்தா போடுகிறேன், யாருக்குத் தெரியப் போகிறது என்று இந்த மனிதரோடா வாயடித்தேன்? பெண்பிள்ளை என்பதற்காக இல்லை, தன் மாதிரிப் பிள்ளை என்பதற்காகத்தான் அவர் மறித்துக்கொண்டு நிற்கிறார். வவுனியாவில் ஒரு சின்ன அறையில், சிவப்போ நீலமோ, ஒரு பிளாஸ்டிக் பேஸினுக்குள் முகத்தை வைத்துக்கொண்டு அழும் வாப்பாவை நினைத்துப் பார்த்தேன். எழுந்துபோய் அவரைக் கட்டிப்பிடிக்க வேண்டும்போல இருந்தது.

உம்மா கதிரையில் உட்கார்ந்துவிட்டார். “அழுதீங்களா? எனக்கு ஒருநாளும் சொல்லல்லயே.”

“சொன்னா நீ கடய மூடச் சொல்லுவாய். பொறகு என்னத்தத் தின்ற?”

உம்மாவின் உதடு துடித்தது. அவரும் அழப் போகிறார் என்று நான் தண்ணீர்க் கோப்பையை எடுத்து நீட்டினேன். அவர் அழவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார், தோள் குலுங்கியது. சிரிப்பு!

“நான் அழல்ல” என்றார் உம்மா. “அல்லாஹ்வுக்குப் பொதுவா, இன்டக்கி வரைக்கும் நான் அழல்ல. நீங்க ஞாயித்துக்கிழம பஸ் ஏறினொடன நான் கதவச் சாத்திட்டுப் பெய்த்து நல்லாத் தூங்குவ. கட்டில் முழுக்க என்ட. கொறட்டச் சத்தமும் இல்ல. நெனச்ச நேரம் சமைப்ப, நெனச்சா பாணும் பருப்பும். புதன்கிழம பின்னேரம்தான் உங்கட நெனப்பே வரும்.”

“புதன்கிழமயா?” என்றார் வாப்பா.

“வியாழன் நீங்க வாறதானே. ஊட்டக் கூட்டணுமே.”

வாப்பாவின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். தான் அங்கே பேஸினுக்குள் அழுத ஞாயிறுகளில், தன் மனைவி இங்கே கட்டிலில் குறுக்கே படுத்துத் தூங்கினார் என்ற செய்தி அவருக்குள் மெதுவாக இறங்குவது நன்றாகவே தெரிந்தது. முதலில் அதிர்ச்சி. பிறகு கொஞ்சம் மானக்கேடு. பிறகு அவரால் தாங்க முடியவில்லை, வெடித்துச் சிரித்தார். எனக்குப் புரையேறி மூக்குக்குள் சோறு போய்விட்டது. உம்மா என் உச்சந்தலையில் தட்டிக்கொண்டே சிரித்தார். தட்டியபடியே என்னைக் கேட்டார்.

“சரி, நீ எந்தச் சாதி? அழுவியா, தூங்குவியா?”

இத்தனை கிழமையாக என்னை ஒருவரும் கேட்காத கேள்வி இது. நானும் என்னைக் கேட்டுக்கொண்டதில்லை. போக வேண்டும், போக வேண்டும் என்று அடம்பிடித்தேனே தவிர, போன பிறகு எப்படி இருப்பேன் என்று நினைத்தும் பார்க்கவில்லை.

“தெரியா உம்மா” என்றேன்.

“தெரியாட்டி பெய்த்துப் பாரு.”

வாப்பா ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. சிரித்து முடித்துக் கை கழுவிவிட்டுப் படுக்கப் போய்விட்டார். கட்டிலில் தனக்கு எவ்வளவு இடம் என்று உம்மாவிடம் கேட்டது மட்டும் எனக்குக் கேட்டது.

மறுநாள் ஜும்ஆ முடிந்து எல்லோரும் வீடு திரும்பிவிட்டார்கள், வாப்பாவைக் காணவில்லை. சோறு ஆறிப்போய்விட்டது. எனக்குப் பயம் வந்தது. பள்ளிவாசலில் யாராவது பிடித்துவைத்து, பொம்புளப்புள்ளய யாழ்ப்பாணம் அனுப்பவா என்று ஓதிக்கொண்டிருப்பார்கள் என்று நினைத்தேன். நெடுநேரம் கழித்து வாப்பா வந்தார். தொப்பியெல்லாம் வேர்வை, செருப்பெல்லாம் தூசி. பிரதான வீதியில் வெயிலில் நின்றிருக்கிறார். கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் போகும் பஸ்கள் எங்கள் ஊருக்கு ஊடாகத்தான் போகும், வவுனியாவுக்கு ஊடாகவும் போகும். தான் கிழமைக்குக் கிழமை ஏறி இறங்கும் அதே வீதி. ஆனால் வவுனியாவோடு அது முடிந்துவிடுகிறது என்றுதான் அதுவரை அவர் மனதில் கணக்கு. அன்றைக்கு அவர் ஒவ்வொரு யாழ்ப்பாண பஸ்ஸாகக் கை காட்டி மறித்து, ஏறாமல், கண்டக்டரிடம் நேரம் கேட்டிருக்கிறார். கண்டக்டர்மாரிடம் ஏச்சும் வாங்கியிருக்கிறார்.

கதிரையில் விழுந்து, தண்ணீர் குடித்து, பிறகு சொன்னார்.

“காலம அங்கயிருந்து எட்டு மணி பஸ்ஸுல ஏறினா பகல் சோத்துக்கு எங்கட கடயடி. பஸ்ஸும் அங்கதான் சாப்பாட்டுக்கு நிப்பாட்டுற. ராவு சோத்துக்கு வர ஏலாட்டியும் பகல் சோத்துக்கு வாப்பாட்ட வரலாம்.” தொப்பியைக் கழற்றினார். “ரெண்டாவது யாழ்ப்பாணத்தப் போடு. மூணாவது மட்டக்களப்பு. பல்லப் பொறகு பாப்பம்.”

நான் ஓடிப்போய் அவரைக் கட்டிக்கொண்டேன், வேர்வையும் தூசியுமாக. அவசரப்பட்டு மாற்றிவிடுவாரோ என்று உடனே போனை எடுத்து அவர் முன்னாலேயே நிரப்பினேன். மொத்த வியாபாரிகளிடமிருந்து வரும் சாமானைச் சரிபார்ப்பதுபோல, விரலை வைத்து மேலிருந்து கீழே மூன்று தரம் பார்த்தார். பிறகு தன் கையாலேயே அனுப்பும் பொத்தானை அமுக்கினார், பிஸ்மி சொல்லி.

அதற்குப் பிறகு மாதக்கணக்கில் காத்திருந்தோம். தெரிவு வந்த நாள் நானும் உம்மாவும் ஸ்கூட்டரில் கட்டுகஸ்தோட்டைக்கு மீன் வாங்கப் போயிருந்தோம். கூட்டாளி போன் பண்ணினாள். வந்துவிட்டதாம், பார் என்றாள். பாலத்தடியில் ஓரமாக நிறுத்தினோம். உம்மா போனைப் பறித்துப் பார்த்தார், பிறகு நடு ரோட்டில், அத்தனை பஸ்ஸுக்கும் லொறிக்கும் முன்னால் என் இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டார். யாழ்ப்பாணம், மருத்துவம். பேராதனை அந்த வருஷமும் தப்பியிருந்தது. இரண்டாவது வரி என்னைப் பிடித்துக்கொண்டது.

கடைக்குப் போன் பண்ணினேன். அல்ஹம்துலில்லாஹ் என்றார் வாப்பா. அன்றைக்குக் கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு பிளாஸ்டிக் கோப்பை சும்மா கொடுத்தாராம். ஒரு வாடிக்கையாளர் சேதி கேள்விப்பட்டு இரண்டு தரம் வந்தாராம், அவருக்கு இரண்டு.

என் கூட்டாளிக்குப் பேராதனை கிடைத்தது. இந்த முறை அவளுடைய புள்ளி என்னுடையதை முந்திவிட்டது. அவளுடைய அம்மாவுக்கு அதில் மனக்குறைதான். சனிக்கிழமை வீட்டுக்குப் போனால் தோட்டத்து லய வீடுகளில் எல்லோரும் பிரஷரையும் சீனியையும் தூக்கிக்கொண்டு வந்து நிற்கிறார்கள், முதலாம் வருஷத்தில் எலும்புகளின் பெயரை மட்டும்தான் படிக்கிறோம் என்று சொன்னால் நம்புகிறார்களில்லை என்று அவள் என்னிடம் புலம்புவாள். தூரமாகப் போயிருக்கலாமடி என்பாள். எனக்கு அதைக் கேட்க அவ்வளவு இனிக்கும்.

வாப்பாவும் உம்மாவும் என்னை விடுதியில் கொண்டுபோய் விட்டார்கள். வாப்பா அங்கிருந்த வாளிகளைத் தட்டிப் பார்த்து, சாமான் நல்லதல்ல என்று மெதுவாக என்னிடம் சொன்னார். அறைத் தோழி பருத்தித்துறைப் பிள்ளை. “ஓம் அன்ரி, நான் பாத்துக்கொள்ளுறன், நீங்கள் யோசிக்காதேங்கோ” என்று அவள் உம்மாவிடம் சொன்ன தமிழைக் கேட்டு உம்மா சொக்கிப்போய்விட்டார். திரும்பும் வழியெல்லாம் அந்த ‘யோசிக்காதேங்கோ’வை வாப்பாவிடம் சொல்லிச் சொல்லிப் பார்த்தாராம்.

முதல் தடவையாக வீட்டுக்கு வந்தது ஒரு வியாழக்கிழமை. மறுநாள் வெள்ளி போயா, பௌர்ணமி விடுமுறை. காலை விரிவுரை முடிந்த கையோடு கண்டி பஸ் ஏறிவிட்டேன். வவுனியாவில் பஸ் நின்றதும் வாப்பா ஏறினார், கையில் பை, தலையில் தொப்பி. அவருக்குப் பின்னால் இன்னும் கொஞ்சப் பேர் ஏறினார்கள். அக்குறணை, மடவளைக் கடைக்காரர்கள். கிழமைக்குக் கிழமை இந்தப் பக்கத்து பஸ்களில் ஒன்றாகவே ஊருக்கு வருகிறவர்கள். வாப்பா எனக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தார். பையிலிருந்து ஒரு வடைப் பார்சலை எடுத்து என் மடியில் வைத்தார்.

பஸ் புறப்பட்டதும் அந்த ஆட்கள் ஒருவரையொருவர் விசாரிக்கத் தொடங்கினார்கள். எல்லோருக்கும் ஒரே கேள்வி, “இந்தக் கிழம எப்டி?” எல்லோரிடமும் ஒரே பதில், “பரவாயில்ல.” துணிக்கடைக்காரருக்கும் பரவாயில்லை, சைக்கிள் சாமான் கடைக்காரருக்கும் பரவாயில்லை, வாப்பாவுக்கும் பரவாயில்லை. முன் இருக்கையிலிருந்த மடவளைக்காரர் திரும்பி என்னைப் பார்த்தார். யார் என்று அவருக்கு ஏற்கனவே தெரிந்திருந்தது, வாப்பா அந்தச் சேதியை யாருக்குத்தான் சொல்லாமல் விட்டிருப்பார்?

“மகள், ஒங்கட கிழம எப்டி?”

கேலியில்லை. மற்றவர்களிடம் எப்படிக் கேட்டாரோ அப்படியே கேட்டார்.

“பரவாயில்ல” என்றேன்.

அவர் தலையை ஆட்டிவிட்டுத் திரும்பிக்கொண்டார். எனக்கு அடுத்து இன்னொருவரின் கிழமையைக் கேட்டார்கள். வாப்பா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கொஞ்சத் தூரம் போனதும், மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் என்னிடம் சாய்ந்தார்.

“அழுதியா?”

“திங்கள், செவ்வாய் நல்லாத் தூங்கின வாப்பா. புதன்கிழம பின்னேரம் கொஞ்சம் அழுத.”

வாப்பா வடையைப் பிய்த்து எனக்குப் பாதி தந்தார்.

“எனக்கு இன்னமும் ஞாயித்துக்கிழமதான்” என்றார். “உம்மாட்ட சொல்லிராத.”